சாப்பாட்டு மேசைக்கு ஒரு நிகழ்ச்சி நிரல்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் சாப்பாட்டு மேசைக்கு நிகழ்ச்சி நிரல் கண்டுபிடித்த பெருமை நம் மேலாளர் ஒருவரையே சாரும். சிமெண்ட் கம்பெனியொன்றில் மனிதவளப் பிரிவைக் கட்டி மேய்க்கிறவர் அவர். கூட்டம் போடாமல் ஒரு கொசுவைக்கூட அடித்தறியாதவர்.

அவருக்கு ஒரே மகள், ஒன்பது வயது. வீட்டில் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். கொறிப்பது குருவியளவு, எடையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். டாக்டர் அவளை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வீட்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறீங்களா?"

மேலாளருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் சாப்பிடுவது லேப்டாப் முன்னால். குருவி டிவிக்கு முன்னால். மனைவி அடுப்படியில் நின்றபடியே. வீட்டோடு இருக்கும் மச்சினன் ஒரு எலக்ட்ரீஷியன்; பாத்திரம் எங்கே இருக்கிறதோ அங்கே சாப்பிடுவான்.

"சும்மா பேசிச் சிரிச்சு சாப்பிட்டாலே புள்ளைங்க உடம்பு தேறும் சார்," என்றார் டாக்டர். அதில் பேசுகிற பொறுப்பை மேலாளர் அந்த நிமிடமே ஏற்றுக்கொண்டார். சிரிப்பது அவருடைய துறை இல்லை.

மறுநாளே 'குடும்ப இரவு உணவு அமர்வு' தொடங்கியது. சரியாக எட்டு மணிக்கு வரவேற்புரை. அடுத்து, முந்தைய நாள் சாப்பாட்டின் மீது ஆய்வு. பிறகு ஒவ்வொருவரும் 'இன்று நான் கற்றது'. அதற்கப்புறம்தான் உணவு. அதற்குள் அது ஆறி அவலாகியிருக்கும். கடைசியாக நன்றியுரை. வயதில் இளையவர் என்ற முறையில் அது குருவிக்கு ஒதுக்கப்பட்டது.

"நேத்து பீன்ஸ் பாதி அப்படியே இருந்துச்சு. என்ன காரணம்?" என்று மேலாளர் ஆய்வைத் தொடங்கினார்.

"பிடிக்கலப்பா."

"பிடிக்கலங்கிறது விளைவும்மா. மூல காரணம் என்ன?"

குருவி ஆழ்ந்து யோசித்தாள். "பீன்ஸ்."

மேலாளர் அதைப் 'பரிசீலனைக்கு' எடுத்துக்கொண்டார்.

"அத்தான், உப்பு விஷயமா ஒரு தீர்மானம் கொண்டுவரலாமா?" என்றான் மச்சினன்.

"அது 'இதர அலுவல்கள்'ல வரும்."

"முதல்ல அவ வாயில ஏதாவது போகட்டுங்க," என்றாள் மனைவி. அந்தக் கருத்து 'வரவேற்கப்பட்டது'. அத்தோடு சரி.

முடிவில் குருவி எழுந்து நின்று, "எல்லாருக்கும் நன்றி," என்று ஒரே மூச்சில் முடித்தாள்.

"பொத்தாம்பொதுவா சொல்லக்கூடாதும்மா. யாரால உனக்கு நல்லது நடந்துச்சோ அவங்கள சொல்லணும். என்ன நல்லதுன்னும் சொல்லணும். அப்பதான் அது நன்றியுரை."

குருவி தலையாட்டினாள். சொன்னதை மனதில் வாங்கிக்கொள்ளும் பிள்ளை அவள்.

நாளாக ஆக, எட்டு மணி நெருங்கினாலே குருவிக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. இருந்த கன்னமும் ஒட்டிப்போனது. "இன்னும் எடை இறங்குச்சுன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துதான் பாக்கணும்," என்றார் டாக்டர். மேலாளர் மகள் மேல் உயிரையே வைத்திருந்த மனிதர், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அந்தப் பாசத்தில் அவர் செய்யக்கூடிய ஒன்றே ஒன்றைச் செய்தார். அமர்வை அரைமணி நேரம் நீட்டித்தார்.

இதற்கிடையே இந்த 'அமர்வு' விஷயம் கம்பெனி முதலாளியின் காதுக்குப் போய், அவர் உருகிப்போனார். கம்பெனியின் 'நலவாழ்வு வாரத்தில்' மேலாளரைப் பேசவைத்தார். அப்புறம் மற்ற கிளைகள், பள்ளிக்கூடங்கள், பெற்றோர் சங்கங்கள் என்று அழைப்புகள் வந்து குவிந்தன. பகலில் எல்லோருக்கும் பிழைப்பு இருக்கிறதே, ஆகவே கூட்டமெல்லாம் இரவு எட்டு மணிக்குத்தான். தினமும் அந்த நேரத்துக்கு நம் மேலாளர் ஏதாவதொரு மேடையில் 'சேர்ந்து உண்போம்' என்று முழங்கிக்கொண்டிருப்பார். பிறகு வீடு திரும்பி, அடுப்படியில் நின்றபடி தனியாக எதையாவது விழுங்குவார். உலகம் சேர்ந்து சாப்பிட யாராவது ஒருவர் தனியாகச் சாப்பிடத்தானே வேண்டும்.

அவருடைய தியாகம் வீண்போகவில்லை. குருவி தேறினாள். கன்னம் உப்பியது, பள்ளிச் சீருடை இடுப்பில் பிடித்தது.

"அப்படி என்னதான் செஞ்சீங்க?" என்று டாக்டரே ஆச்சரியப்பட்டார்.

"சேர்ந்து சாப்பிடுறோம் டாக்டர்," என்றார் மேலாளர். மனைவி ஜன்னல் வழியாகத் தெருவை வேடிக்கை பார்த்தாள்.

பெற்றோர் சங்கங்கள் எல்லாம் கூடி ஒரு மாநாடு நடத்தி, மேலாளருக்குக் 'குடும்ப மேசைக் காவலர்' என்று பட்டம் கொடுத்தன. குடும்பமும் மேடைக்கு வந்தது. "என் திட்டத்துக்கு ஆதாரம் கேட்டாங்க. இதோ, இவதான் ஆதாரம்," என்று சொல்லி மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணீர் உண்மையானதுதான். நன்றியுரைக்கு மகளையே அழைத்தார்.

குருவி மைக்கைப் பிடித்தாள். அப்பா சொல்லிக்கொடுத்ததை அவள் மறக்கவில்லை.

"அவிச்ச முட்டைக்கு மீசை வரைஞ்சு தர்ற மாமாவுக்கு நன்றி. சுடச்சுடப் போட்டுட்டு, கூடவே உக்காந்து, புரையேற புரையேறச் சிரிக்கிற அம்மாவுக்கு நன்றி. இப்பல்லாம் நான் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிடுறேன். வயித்துவலியே வர்றதில்ல."

அரங்கம் கைதட்டியது. மேலாளர் சட்டையைச் சரிசெய்துகொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தார். குருவி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"எல்லாத்துக்கும் மேல, தினமும் எட்டு மணிக்கு எங்கப்பாவைக் கூப்பிட்டு உங்ககிட்டயே வச்சுக்கிறீங்களே, உங்க எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நாளைக்கும் கூப்பிடுங்க."