முனியப்பன் டு முனியப்பன்

பாதை நேராகத் தண்ணீருக்குள் இறங்கிப் போனது. அதற்கப்புறம் காவிரிதான்.

வீரமணி செல்போனைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், மறுபடி செல்போனைப் பார்த்தார். மேப்பில் கரையோரமாக அழகாக வளைந்து போன பாதை, அணைத் தண்ணீர் ஏறியதில் முழுகிக் கிடந்தது. பின்னால் நல்லம்பள்ளி நடைப்பயிற்சிக் குழு மொத்தமும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது.

"என்ன மாமா, நீச்சலும் உண்டுங்களா? சொல்லியிருந்தா மாத்துத்துணி கொண்டாந்திருப்பமே" என்றான் நவநீதன். வீரமணியின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. குழுவின் தலைவர் பதவிமேல் ரொம்ப நாளாகவே அவனுக்கு ஒரு கண்.

வாராவாரம் வீரமணி எங்கேயாவது கூட்டிப் போவார். போன வழியிலேயே திரும்பி வருவார்கள். "பார்த்த முள்ளுச்செடியவே எத்தன தடவ பார்க்கிறது?" என்று நவநீதன் கிளப்பிவிட, குழுவே அவன் பக்கம் சாய்ந்தது. ரோசம் பொத்துக்கொண்டு வந்து வீரமணி வாயைக் கொடுத்துவிட்டார்.

"ஏரியூர்ப் பக்கம் காவிரிக்கரையில வட்டமா ஒரு ரூட்டு வச்சிருக்கேன். போன வழிய மறுக்கா மிதிக்காம, கெளம்பின எடத்துக்கே கூட்டியாரேன். முடியலன்னா தலைவரு நீயே!"

ரூட்டைக் கண்டுபிடித்தது கட்டிலில் படுத்துக்கொண்டு, செல்போனில். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் டிரைவர் மாது, கரையோர முனியப்பன் கோயிலில் வேனை நிறுத்தி அவர்களை இறக்கிவிட்டிருந்தான். ராணியம்மாள் கனம் தாங்காமல் புளிச்சோற்றுத் தூக்குவாளியைச் சாமி காலடியிலேயே வைத்துவிட்டு வந்தார். முனியப்பன் காவலில் இருப்பதை எவன் தொடுவான்?

"திரும்பிடலாமுங்களா?" என்றார் ராணியம்மாள் இப்போது.

"திரும்புற பேச்சே இல்ல! காட்டுக்குள்ள பூந்து போனா அந்தாண்ட பாதை."

புகுந்தது கடலைக்காடு. நேற்றுப் பெய்த மழையில் ஆளுக்கு ஒரு படி சேறு ஷூவில் ஏறியது. பாதிக் காட்டில் ஒரு பெண்குரல் எழுந்தது.

"எரும மாடு பூந்தாக்கூட ஓரமாப் போவுமேடா! கடலையை மிதிச்சிக்கிட்டு எவன்டா அவன்?"

நடைப்பயிற்சிக் குழு முதன்முறையாக ஓடியது. ஓடிய வேகத்தில் திசை தப்பி ஒரு முள்ளு ஓடைக்குள் போய் விழுந்தார்கள். செல்போனில் சிக்னலும் செத்துப் போயிருந்தது.

அப்போது பார்த்து ஓர் ஆட்டுமந்தை அந்தப் பக்கம் வந்தது. வீரமணிக்கு உயிர் வந்தது.

"ஆடு எப்பவும் வூட்டுக்குத்தான் போவும். பின்னாலயே வாங்க!"

நல்ல உச்சி வெயில். ஆடுகளுக்குத் தாகம். நேராகக் கொண்டுபோய் காவிரியில் விட்டன.

"காவிரியில ஆரம்பிச்சு காவிரிக்கே வந்தாச்சு. இதான் உங்க வட்டமுங்களா மாமா?" என்றான் நவநீதன். எல்லோரும் சிரித்தார்கள். ராணியம்மாள் மட்டும், "எனக்குப் பசி" என்றார்.

வீரமணிக்கு அழுகையே வந்துவிட்டது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பொடிப்பயல் பின்னால் நடக்க வேண்டும். அதைவிடக் கொடுமை, வீட்டில் அவன் அக்கா முகத்தில் விழிக்க வேண்டும். 'அப்பனே முனியப்பா, மானத்தைக் காப்பாத்து. ஒரு சேவல் அறுக்கிறேன்' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரிந்த மேட்டில் ஏறினார்.

புளியமரங்களுக்கு மேலே உருட்டிய கண்கள் தெரிந்தன. அப்புறம் முறுக்கு மீசை. ஓங்கிய அரிவாள்.

"முனியப்பன்!" என்று கத்தினார் வீரமணி. "வேனும் நிக்குது பாருங்கய்யா!"

விசில் பறந்தது. யாரோ தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கழுத்தில் மாலையாகப் போட்டார். இரண்டு பேர் அவரைத் தூக்கவே பார்த்தார்கள். கனத்தால் கைவிட்டார்கள்.

"காலையில சாமிக்கு மீசை தொங்கலா இருந்தாப்ல இருந்துச்சே?" என்றார் ராணியம்மாள்.

"காலையில நேரா பார்த்தீங்க, இப்ப பக்கவாட்டுல பார்க்கறீங்க" என்றார் வீரமணி.

"என் தூக்குவாளியக் காணோமே?"

"கொரங்கு தூக்கியிருக்கும். வட்டம் முடிச்ச நேரத்துல தூக்குவாளி ஒரு பேச்சுங்களா!"

நவநீதன் முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டான். "தோத்துட்டேன் மாமா. போன வழிய ஒரு அடி மிதிக்கல. சுத்தமான வட்டம். நீங்கதான் தலைவரு, சாவுற வரைக்கும் நீங்கதான்."

வீரமணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கல்யாணத்தன்றுகூட மச்சினன் இப்படிக் கும்பிட்டதில்லை. முனியப்பனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். சேவலை இரண்டாக்கினார்.

சத்தத்தில் தூக்கம் கலைந்த டிரைவர் மாது, கையில் தூக்குவாளியோடு வேனிலிருந்து இறங்கி வந்தான்.

"இந்தாங்கம்மா உங்க புளிச்சோறு. காலையில எறக்கிவுட்ட முனியப்பன்கிட்ட தண்ணி ஏறுதுன்னு வண்டிய இந்த முனியப்பன்கிட்ட கொண்டாந்து போட்டுட்டு, அப்ப புடிச்சு உங்களுக்குப் போன் அடிக்கிறேன், போவவே மாட்டேங்குது... அஞ்சாறு மைலு இருக்குமே, எப்படிங்க கண்டுபுடிச்சு வந்தீங்க?"