லேபிள் சோதிக்கும் மகளுக்கு

அன்பு மகளும் இரசாயன எச்சரிக்கை லேபிள் ஆய்வாளருமான செல்லத்துக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலத்தையும் உன் இலாகாவின் நலத்தையும் அறிய ஆவல். லீவு கிடைக்கவில்லை என்று போனில் சொன்னாய். பரவாயில்லை, நீ வர வேண்டாம். எங்களுக்கும் இங்கே மூச்சுவிட நேரமில்லை.

காரணம் உங்கள் சட்டம்தான். தரை துடைக்கும் திரவம், கழிவறை ஆசிட், பெயிண்ட் கரைக்கும் தின்னர் எல்லாவற்றிலும் சிவப்புக் கட்டத்துக்குள் படம் போட்ட லேபிள் வேண்டுமென்று உத்தரவு வந்ததும், நம் கடையில் இருந்த பழைய சரக்கையெல்லாம் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினேன். புதுச் சரக்கு வந்த அன்றே நம் தையல்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "கண்ணு எரியும்னு போட்டிருக்கே, இத்தனை வருஷமா இதையா என் தலையில கட்டினீங்க?" என்று சண்டைக்கு வந்தார். "அதே சரக்குதாம்மா, இப்பதான் உண்மையச் சொல்றாங்க" என்றேன். "அப்ப இதுவரைக்கும் சொல்லலையா?" என்று கேட்டாரே, நான் மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கம் போனதும் முடிதிருத்துபவர் வந்து, "மண்டையோடு படம் போட்டது இருக்கா? அதுதான் அழுக்கை நல்லா எடுக்குதாம்" என்றார். அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டதால், எச்சரிக்கையே தேவைப்படாத அப்பாவிச் சோப்புக் கட்டி சீந்துவாரில்லாமல் கிடக்கிறது. "படம் ஒண்ணுகூட இல்லியே, டூப்ளிகேட்டா?" என்கிறார்கள். இதற்கு என்ன பதில் என்று உங்கள் இலாகா சொல்லித்தரவில்லை.

கடையில்தான் இந்தக் கூத்து என்றால், பின்கட்டில் உன் அம்மா. கம்பெனிக்காரர் கூடுதலாகக் கொடுத்த லேபிளில் 'எளிதில் தீப்பற்றக்கூடியது' என்பதை எடுத்து என் முதுகில் ஒட்டிவிட்டாள். அன்று முழுக்க அதோடுதான் வியாபாரம் பார்த்தேன். வந்தவர்கள் ஏன் பேரம் பேசவில்லை என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

நன்மையும் உண்டு, சொல்லாமல் இருக்கக் கூடாது. தையல்காரம்மா அன்றே தன் வீட்டுக்குப் போய், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த ஆசிடைக் குடிதண்ணீருக்குப் பக்கத்திலிருந்து அகற்றிவிட்டாராம். "உங்க பொண்ணு நல்ல வேலைதான் பாக்குது" என்று மறுநாள் வந்து சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரக்கு நெடி என்று சமாளித்தேன்.

ஆளில்லாத நேரத்தில் லேபிள்களை வாய்விட்டுப் படிக்கிறேன். கையை உடனே கழுவவும். ஜன்னலைத் திறந்து வைக்கவும். எல்லாமே நீ என்னை விரட்டும் குரலில்தான் கேட்கிறது. ஒருநாள் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அடுத்த டப்பாவையும் படிங்க" என்றாள். உன்னைப் பார்க்காமல் வீடு வீடாகவே இல்லையம்மா. ஆனாலும் வேலைதான் முக்கியம்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் மேலதிகாரிக்கு எங்கள் வணக்கம். லீவு தராததில் எங்களுக்கு வருத்தமே இல்லை என்று சொல். நீ சகல சௌபாக்கியங்களோடும், முறையான லேபிள்களோடும் வாழ்க.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: எதிர்க்கடையில் லேபிள் இல்லாத ஆசிட் விற்பதாக உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும் புகார் நான் போட்டது. சொந்த அப்பா கடைக்கு உன்னை அனுப்ப மாட்டார்களே. போடுவதற்கு முன்பே எதிர்க்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "பொண்ணு வரட்டும்ணே, என் கடை மேலயே புகாரைப் போடுங்க" என்று அவரே இரண்டு பாட்டிலில் லேபிளைக் கிழித்து வைத்துக்கொண்டு உனக்காகக் காத்திருக்கிறார். மிரட்டுவதோடு விட்டுவிடு. சோதனை முடிந்ததும் தெருவைத் தாண்டி இந்தப் பக்கம் வர விதிகளில் இடம் உண்டா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.