அத்தான் உறையவைத்த எண்ணெயும் அப்பா தலைக்கு வைத்த எண்ணெயும்

அட்டன்,
ஞாயிற்றுக்கிழமை, 30.7.61

சீமையில் எண்ணெயை உறையவைக்கும் கணேசமூர்த்தி அத்தான் அவர்களுக்கு, அட்டன் கடைத்தெருவில் எண்ணெயை உருக்கும் அழகுமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் தேங்காயெண்ணெயைத் தவிர யாவரும் நலம். அது ஆடிக் குளிரில் போத்தலுக்குள் கட்டியாய்க் கிடக்கிறது. அவ்விடம் தங்கள் நலமும் தங்கள் எண்ணெயின் நலமும் அறிய ஆவல்.

மாப்பிள்ளை அங்கே என்ன வேலை பார்க்கிறார் என்று அப்பா கேட்டதற்குத் தாங்கள் அனுப்பிய பதிலைக் நம் கடையில் நான்தான் உரக்க வாசித்தேன். காற்றையே குளிரவைத்துத் தண்ணீராக்கிச் சாடியில் ஊற்றி, அந்தக் குளிரில் பெட்ரோல் மாதிரி ஓர் எண்ணெயைக் கண்ணாடியாய் இறுக்கி, அதற்குள் கதிர் பாய்ச்சுகிறீர்கள். மூலக்கூறு உடைகிறது, உடைந்த துண்டுகள் ஜோடி தேடி ஓட முடியாமல் நின்ற இடத்தில் நிற்கின்றன, கண்ணாடிக்கு நிறம் ஏறுகிறது! எனக்குப் புல்லரித்துவிட்டது அத்தான். அந்தத் துண்டுக்குச் சுயாதீன மூலிகம் என்று பெயர் வைத்தவர்தான் என்னைவிடக் குறும்புக்காரர். பெயர் சுயாதீனம், அசைய வழியில்லை. நம்ம ஆட்களுக்குக் கிடைத்த சுதந்திரம் மாதிரி.

அப்பாவுக்குத் தெரிந்த கதிர் கதிர்காமம் ஒன்றுதான். "மஸ்கெலியாப் பனி சும்மா செய்யிற வேலைக்கு எதுக்கு சீமைக்குப் போகணும்?" என்றவர், தங்களுக்குப் பேசிவைத்த பூரணி அக்காவை, பெண் கேட்டு வந்த கொத்மலை ஜவுளிக்கடைக்காரருக்கே கொடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அன்றைக்கு அக்கா வைத்த ரசத்தில் உப்பே இல்லை.

நான் சும்மா இருப்பேனா? நேற்று சனிக்கிழமை, அப்பா தலைக்கு வைக்க எடுத்து வைத்திருந்த கிண்ணத்து எண்ணெயில், சிவப்பு மையும் நீல மையும் தோய்த்த தீக்குச்சிகளைப் பாதி பாதியாய் உடைத்துப் பதித்தேன். இடுப்பில் துண்டோடு உட்கார்ந்திருந்தவரிடம், இதுதான் அத்தானின் ஆராய்ச்சி என்று சொல்லி, கிண்ணத்தை அடுப்போரம் வைத்தேன். எண்ணெய் இறுகியிருந்தவரை ஒரு குச்சியும் அசையவில்லை. உருக உருக எல்லாம் மிதந்து, ஒன்றோடொன்று போய் ஒட்டிக்கொண்டன. அப்பா குளிரை மறந்து குனிந்து பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்று நான் நிமிர்ந்தேன்.

"ஏண்டா, செவப்பு நீலத்தோட ஒட்டுதே? அது அது சொந்தப் பாதிகிட்ட போகாதா?"

என் வாய் சும்மா இருக்குமா? "எது பக்கத்துல வருதோ அதோடதாம்ப்பா சேரும்."

அப்பா முகம் எண்ணெயைவிட இறுகியது. "அப்ப சீமையில வெயில் அடிச்சா, இவரு யாரோட ஒட்டுவாரு?"

முடிந்தது சம்பந்தம் என்று நினைத்தேன். அடுப்படியிலிருந்து அக்கா சொன்னாள்: "அங்க வெயிலே அடிக்காதாம்ப்பா. அத்தான் எழுதியிருந்தாங்க."

எப்போது எழுதினார், யாருக்கு எழுதினார் என்று அப்பா கேட்கவில்லை. அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தார். குச்சிகளை விலக்கிவிட்டு எண்ணெயை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டார். குளித்து வந்ததும், கொத்மலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவோம் என்றார். தாங்கள் ஆராய்ச்சியை ஆற அமர முடித்துக்கொண்டு வரலாமாம். இரண்டு வருஷம் ஆனாலும் பரவாயில்லையாம்.

அம்மாவின் ஆசியும், அப்பாவின் பாதிச் சிரிப்பும், அக்கா எழுதச் சொல்லிப் பிறகு வேண்டாம் என்றவையும் இத்துடன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
அழகுமுத்து

பி.கு: மேலே உள்ளதெல்லாம் ரத்து. இங்கிலாந்தில் வெயில் கொளுத்துகிறது என்று சற்று முன் ரேடியோவில் சொன்னார்கள். அப்பா கப்பல் விசாரிக்கப் போயிருக்கிறார். உடனே புறப்படவும். ஏறும்வரை அந்தக் குளிர்ச் சாடிக்குப் பக்கத்திலேயே நிற்கவும்.