தசம் நான்கு செக்கன்

காலை பத்தேகாலுக்கு மூன்று அதிகாரிகள் ஜீவராணியின் லயக் காம்பராவுக்கு வந்தார்கள். கஹவத்தைக்கு மேலே, இறப்பர் மலையடியில் தோட்டத் தொழிலாளரின் ஓரறை வரிசை வீடுகள்தான் அந்த லயம். அவள் கூரைக்கு நேர் மேலே ஒரு வான் வண்டி அளவில் பாறை, ஒவ்வொரு மழைக்கும் ஒரு சாண் இறங்கிக்கொண்டிருந்தது. வேறு இடம் கேட்டு அவள் எழுதிய ஒன்பதாவது கடிதத்துக்குக் கிடைத்த பதில் இந்த மூவர்.

'திடீர் ஆர்முடுகலில் சடப்பொருட்களின் நடத்தையை எதிர்வுகூறும் பிரிவு' என்று வாகனத்தில் எழுதியிருந்தது. ஒன்று வேகமாய் வந்து மோதினால் மற்றொன்று என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்வது அவர்கள் கடமை. தலைவர் றிஸாத் சுவரைத் தட்டினார், அளந்தார், கம்ப்யூட்டரில் போட்டார்.

"நல்ல செய்திம்மா. பாறை மோதினா சுவர் பூச்சியம் தசம் நாலு செக்கன் தாங்கும்."

"அதுக்கப்புறங்க சார்?"

"அதுக்குள்ள நீங்க வெளிய வந்துடணும்."

"அப்ப வேற வீடு?"

"பாஸான சுவர விட்டுட்டு எப்படிம்மா வேற வீடு குடுக்கிறது?"

உடனே ஒத்திகை. விசில் ஊதினார்கள். கால் முடியாத மாமியார் வெள்ளையம்மாவைத் தாங்கிக்கொண்டு ஜீவராணி வாசலுக்கு வர நாற்பது செக்கன் ஆனது.

"பரவாயில்ல. இதுல நூத்துல ஒரு பங்கா குறைச்சா போதும்" என்றார் றிஸாத்.

"எனக்குக் கொட்டாவி விடவே அதவிட நேரமாகும் தம்பி" என்றாள் வெள்ளையம்மா. "நீங்க ஒருக்கா படுத்திருந்து ஓடிக் காட்டுங்களேன்."

"நாங்க சடப்பொருள் மட்டுந்தான் பாக்கிறோம்மா. மனுசருக்கு வேற பிரிவு. இன்னும் ஆள் போடல."

அறிக்கை வந்தது. சுவர் தகுதி பெற்றது, குடியிருப்போர் பெறவில்லை. ஆகவே இருவரும் புதன்தோறும் கஹவத்தையில் ஓட்டப் பயிற்சிக்குச் சமுகமளிக்க வேண்டும்.

மற்றக் காம்பராக்களுக்கும் சான்றிதழ் கிடைத்தது. தசம் ஆறு வாங்கிய பக்கத்து வீட்டு அழகமுத்து அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். தசம் ஐந்துக்குக் குறைந்த வீட்டில் பெண் எடுக்க யோசித்தார்கள்.

ஜீவராணி பத்தாவது கடிதத்துக்கு லயத்தாரிடம் கையெழுத்துக் கேட்டுப் போனாள்.

"சும்மா இரு புள்ள" என்றார் அழகமுத்து. "நீ கிளறப் போயி, எங்க சேர்டிபிகேட்டையும் புடுங்கிருவாங்க."

ஒருவரும் போடவில்லை.

2025 ஜூன் 11, புதன்கிழமை, பாறை விழுந்தது. ஜீவராணியும் மாமியாரும் ஓட்டப் பயிற்சியில் இருந்தார்கள். காம்பரா இருந்த இடம் தெரியவில்லை. இருவரும் பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்தார்கள்.

ஜூலை 3ஆம் திகதி, சுவர் பற்றிய எதிர்வுகூறல் பலித்ததற்காக லயத்தார் றிஸாத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அழகமுத்து தலைமை தாங்கினார். ஜீவராணி மண்டபத்தைக் காலி செய்து கொடுத்ததும் விழா தொடங்கியது.