சரோ நேரம், மைனஸ் ஒன்றரை

பிள்ளைகளே, நேரத்தை வீணாக்கியவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஆனால் நேரத்தைப் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறக்கிவிட்ட ஒரே மனிதர் எங்கள் மைனஸ் அண்ணன்தான்.

நம் மலையகத்தில் லுணுகலைக்குப் போகிற பாதையில், எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கில் அவருடைய கொமினிகேஷன் கடை. போனுக்கு ரீலோட் போடலாம், ஃபோட்டோகொப்பி எடுக்கலாம். அதற்கு முன் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து தேயிலைக் கொழுந்து நிறுத்தவர். தராசு காட்டும் எடையை முதலில் எழுதுவார். பிறகு சாக்குக்கு, தண்ணீருக்கு என்று கழிப்பார். வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. யாராவது தன் வயதைச் சொன்னால்கூடக் கொஞ்சம் கழித்துத்தான் நம்புவார்.

அவர் மனைவி சரோ அக்கா குவைத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. அண்ணன் விரல்விட்டு எண்ணுவார். நடுவில் யாராவது ரீலோட் கேட்டால் எண்ணிக்கை போய்விடும். ஒருநாள் அங்கே வீடே தூங்கும்போது போனில் கோல் எடுத்துவிட்டார்.

“இன்னொரு தடவ இப்பிடி எடுத்தீங்கன்னா மேடம் போனையே வாங்கி வச்சிருவாங்க” என்றார் சரோ அக்கா.

அண்ணன் பயந்துபோனார். கம்ப்யூட்டரே நேரத்தைச் சொல்லட்டும் என்று, வீடியோ பார்த்து, அதற்குக் கட்டளை போடும் ஸ்கிரிப்ட் எழுதப் பழகினார். முதல் நாள் திரையைப் பாதைப் பக்கம் திருப்பி வைத்தார். வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், செக்கன், அதற்குப் பின்னால் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி இலக்கங்கள்.

“இது யாரு போன் நம்பருங்க?” என்று கேட்டார் கொழுந்து பறிக்கும் லெட்சுமி அக்கா.

“நேரம்! இப்ப என்ன நேரமோ அது!”

பொழுது சாய்ந்து பெண்கள் திரும்பி வந்தபோதும் திரையில் அதே மத்தியானம். அந்த ஸ்கிரிப்ட் ஒரே ஒரு தடவை நேரத்தைச் சொல்லிவிட்டு ஓய்ந்துபோய்விட்டது.

“இப்பன்னு சொன்னீங்களே ஐயா?”

“சொன்னப்ப இப்பதான்” என்றார் அண்ணன், கொஞ்சமும் அசராமல்.

பிறகு புள்ளிக்குப் பின்னால் நீண்ட இலக்க வாலை வெட்டினார். நேரத்தை ஓட வைத்தார். மாலையில் திரை பதினேழு மணி காட்டியதும், “அந்த மணிக்கெல்லாம் எங்க தோட்டத்துக்கு பஸ் கெடையாது” என்று பெண்கள் சிரித்தார்கள். அதனால் பன்னிரண்டு மணிக்குப் பின் ஒன்று வருகிற மாதிரி மாற்றினார்.

அந்தச் சமயத்தில்தான் சரோ அக்கா பேசினார். “நாளைக்கு இங்க பதினோரு மணிக்கு மேடம் வந்து, இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேப்பாங்க. பத்தரைக்கு வீட்டுல ஆள் இருக்காது. அப்ப எடுங்க. வரவா, இருக்கவான்னு நீங்கதான் சொல்லணும்.”

மறுநாள் காலையிலேயே அண்ணன் திரையில் இன்னொரு வரி சேர்த்துவிட்டார். மேலே நம் நேரம். கீழே ‘சரோ நேரம்’. நான் மகளின் பாடத்தாளைக் கொப்பி எடுக்கப் போயிருந்தேன். மத்தியானக் கொழுந்தை நிறுத்துவிட்டு லெட்சுமி அக்காவும் வந்திருந்தார். போனைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே 12:59. கீழே 10:29.

மேலே 1:00 ஆனது. கீழே மைனஸ் 1:30.

“அண்ணே, கோல எடுங்க!” என்றேன்.

“எப்பிடித் தம்பி எடுக்கிறது? அங்க நேரமே இல்லயே! தப்பா எடுத்தா போன் போயிரும். இருங்க, பிழையத் திருத்திட்டு எடுக்கிறேன்.”

பிழை வேறொன்றுமில்லை. கொழுந்து நிறுத்த மாதிரியே மணியை முதலில் எழுதிவிட்டு, எழுதிய ஒன்றிலிருந்து இரண்டரையைக் கழித்திருக்கிறார். நான் விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். அவர் விரலை நம்பவில்லை. கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

“அன்னிக்கு எங்க கொழுந்துல கழிச்சீங்க, இன்னிக்குப் பொண்டாட்டி நேரத்துலயே கழிச்சிட்டீங்களே ஐயா!” என்று தலையில் கைவைத்தார் லெட்சுமி அக்கா.

போன் தானாகவே அடித்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

“மணி பதினொன்னாகப் போகுது! அங்க என்ன செய்றீங்க?”

“சரோ, ஒன் நேரம் மைனஸ்ல...”

“என்ன ஒளர்றீங்க? வரவா, இருக்கவா?”

அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் லெட்சுமி அக்கா மேசைக்கு மேலாக எட்டிக் கத்தினார். “வந்துரு சரோ! இந்த ஆளத் தனியா விட ஏலாது!”

“ஆமா சரோ” என்றார் அண்ணன், மெதுவாக. “வந்துரு.”

முதலில் இரண்டரை மணித்தியாலத்தைக் கழித்துவிட்டு, மணியைக் கடைசியில்தான் எழுத வேண்டும் என்று அவர் கண்டுபிடிக்கும்போது சரோ அக்கா வந்து இறங்கிவிட்டார். அண்ணன் ‘சரோ நேரம்’ வரியை அழித்துவிட்டார்.

போன கிழமை கடைக்குப் போனேன்.

“அண்ணே, மணி என்ன?”

அவர் மூக்குக்கு முன்னால் திரையில் நேரம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்க்கவில்லை. உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

“சரோ, மணி என்னா?”