குரோம்பேட்டைக்கு வந்த பனிமலைச் சிட்டு

இமயமலையைக் குரோம்பேட்டைக்கே வரவழைத்த பெருமை உலகில் ஒரே ஒரு குடியிருப்போர் சங்கத்துக்குத்தான் உண்டு. அது எங்கள் 'சிகரம் எலிகன்ஸ்' அடுக்ககத்தின் சங்கம். அடியேன் சத்தியநாதன், அதன் செயலாளர். தற்பெருமை எனக்குப் பிடிக்காது என்பதால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மூன்றாம் மாடி ஜோசலின் டீச்சரின் பால்கனியில், மல்லிகைக் கொடிக்குள் ஒரு சின்னக் குருவி புல்லால் கூடு கட்டி நாலு குஞ்சு பொரித்திருந்தது. பழுப்பு முதுகு, தடித்த அலகு. ஐ.டி.யில் வேலை பார்க்கும் மெர்வின் அதைப் போட்டோ எடுத்து பறவையின் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஒரு ஆப்பில் போட்டார். 'பனிமலைச் சிட்டு, நாற்பத்தொரு சதவீதம்' என்றது ஆப். உடனே அவசரப் பொதுக்குழு கூடியது.

"இமயமலையில பதினாலாயிரம் அடிக்கு மேலதான் இருக்குமாம் சார். பாறை இடுக்குல கூடு கட்டுமாம். பனி கொட்டினாலும் அசையாதாம்" என்று மெர்வின் வாசித்தார்.

"நம்மது மூணாவது மாடிதானே?" என்றேன்.

"தெருவே கொஞ்சம் மேடு சார்."

சங்கத் தலைவர் ராஜகோபால், இந்த அடுக்ககம் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் நெல் பயிரிட்டவர். போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எங்க வயல்ல நெல்லு தின்ன குருவி மாதிரி கீதே. எங்கப்பா தகரத்தைத் தட்டித் தொரத்திகினே இருப்பாரு."

"ஆப் தப்பா சொல்லுமாண்ணா?" என்றார் மெர்வின்.

"சொல்லாது. எங்கப்பாதான் தெரியாம தொரத்திட்டாரு போல."

அப்போது ஜோசலின் டீச்சர் எழுந்தார். "சார், அது எந்த ஊர்க் குருவியா வேணா இருக்கட்டும். பக்கத்துக் காலி மனையில இருக்கிற புல்லு விதையைத்தான் குஞ்சுங்களுக்கு ஊட்டுது. அந்தப் புல்லை மட்டும் தொடாதீங்க. தொட்டா நாலும் பட்டினியில செத்துப் போயிடும்."

'உறுப்பினர் உணர்ச்சிவசப்பட்டார்' என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டேன். பனிமலையில் ஏது புல்? மறுநாளே ஜே.சி.பி. வந்து மனையை மொட்டை அடித்தது. அங்கே பத்தடி உயரத்தில் ஃபைபர் மலை ஒன்று எழுந்தது. உச்சிக்கு வெள்ளை பெயிண்ட். குளிருக்கு என்ன செய்வது என்று யோசித்து, கோவளத்தில் மீனுக்குப் போடும் ஐஸை வேனில் கொண்டுவந்து மலையடிவாரத்தில் கொட்டினோம்.

ஐஸில் மீன் வாடை கொஞ்சம் இருந்தது. அன்று மாலைக்குள் ஒன்பது பூனைகள் வந்துவிட்டன. "சுற்றுச்சூழல் பல்லுயிர்ப் பெருக்கம் அடைகிறது" என்று நான் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தேன். இருபத்திரண்டு பேர் கை கூப்பினார்கள். இரண்டு பூனைகள் குழாயைப் பிடித்து மூன்றாம் மாடிக்கு ஏறப் பார்த்ததை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

ஜோசலின் டீச்சர் மட்டும் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுத் துடைப்பக்கட்டையோடு பால்கனியில் காவல் உட்கார்ந்தார். தட்டில் தினையும் வைத்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. 'பனிப்பறவைக்குச் சமவெளித் தானியம் ஊட்டுவது விதி ஏழின்படி தவறு' என்று நோட்டீஸ் கொடுத்தேன். அதை வாங்கி, மடித்து, தினைத் தட்டு ஆடாமல் இருக்க அடியில் வைத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் மலைத் திறப்பு விழா. ராஜகோபால் கத்தரிக்கோலைக் கையில் எடுத்த அதே நொடியில், மேலே மல்லிகைக் கொடி அசைந்தது. தாய், தகப்பன், பின்னாலேயே நாலு குஞ்சுகள். ஆறும் எங்கள் மலைக்கு மேலாகப் பறந்தன. ஒன்றுகூட உட்காரவில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், யாரும் பராமரிக்காத புல்லில் போய் இறங்கின.

"போயிடுச்சு" என்று டீச்சர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வேறு. சந்தோஷமாம்.

சங்கம் சும்மா விடுமா? மூவர் குழு விசாரித்து நேற்று அறிக்கை கொடுத்தது. எங்கள் பறவை எங்களை விட்டுப் போனதற்கு முழுப் பொறுப்பு ஜோசலின் டீச்சரே. குற்றம்: பறந்துபோகும் அளவுக்கு அவற்றை உயிரோடு வைத்திருந்தது. சங்கத்தில் வேறு யார்மீதும் அப்படியொரு புகார் சொல்ல முடியாது என்பதையும் குழு பெருமையுடன் பதிவு செய்திருக்கிறது.