தெருவே கூடி வைத்த கண்

படித்தவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டிய நேரம் என்று ஒன்று உண்டு. (எனக்கு அது பிறந்ததிலிருந்தே நடந்துகொண்டிருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.)

கட்டடக்கலையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஒரு கட்டடத்தைப் பார்க்கும்போது மனிதர்களின் கண் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம். அதற்கென்று ஒரு கண்ணாடி உண்டு. மாட்டிக்கொண்டு பார்த்தால் கருவிழி போகும் இடத்தையெல்லாம் பதிந்துகொள்ளும். கண் அதிகம் நின்ற இடங்களைக் கம்ப்யூட்டர் சிவப்பாகத் தீட்டிப் படமாகக் கொடுக்கும். உலகத்தில் எத்தனையோ கட்டடம் இருக்க, நான் ஜெகதாப்பட்டினத்தில் சித்தப்பா புதிதாகக் கட்டிய மாடிவீட்டைத் தேர்ந்தெடுத்தேன். (சித்தியின் மீன்குழம்பும் ஒரு காரணம்.)

சித்தப்பா விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார். தெருக்காரர்கள் ஆசை ஆசையாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்தார்கள். வந்த படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சித்தி முன்னால் விரித்தேன். வீடு முழுக்கச் செக்கச்செவேல்.

"பாத்தீங்களா சித்தி? தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரு கண்ணும் ஒங்க வீட்டு மேலதான் பட்டிருக்கு!"

இந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லக் கூடாதென்று எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சித்தியின் முகம் செத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தானா போன் வர வேண்டும்? எல்லை தாண்டியதாகச் சொல்லி, அக்கரைக் கடற்படைக்காரர்கள் சித்தப்பாவைப் படகோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

சித்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு படத்தைப் பிடுங்கினார்.

"இதுல ஆரு கண்ணு ரொம்பச் செவப்பு? சொல்லுத்தா!"

"அப்படிப் பிரிக்க முடியாது சித்தி. இது எல்லாரு கண்ணையும் கூட்டி எடுத்த சராசரி."

"அப்ப தெருவே கூடித்தான் கண்ணு வச்சிருக்கு!"

(சராசரியைக் கொண்டுபோய் உடைப்பில் போட.)

ஆறுதல் சொல்ல ஓடிவந்த பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"மதினி, நானா கண்ணு வச்சேன்? இந்தாங்க, என் காலடி மண்ணு. எடுத்துச் சுத்திப் போடுங்க. அண்ணன் வந்தாப் போதும்."

அவர் பின்னால் ஒவ்வொருவராகத் தங்கள் காலடி மண்ணை எடுத்துக் கொடுத்தார்கள். கடைசியாக நானும் கொடுத்தேன்.

அந்த மண்ணோடு உப்பும் மிளகாயும் சேர்த்துச் சுற்றி நெருப்பில் போட்டார் சித்தி. கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால், மிளகாய் தீயைத் தொடும் முன்பே தெரு மொத்தமும் இருமத் தொடங்கியது. எல்லோரையும்விடச் சத்தமாக இருமியது முனைவர் பட்ட ஆய்வாளராகிய நான்தான்.

சித்தப்பா பல மாதம் கழித்து, பாதி உடம்பாக வந்து சேர்ந்தார். இப்போது விசேஷ வீடுகளில் என்னைப் பந்தியில் கண்டால் அவரே ஆரம்பித்துவிடுவார்.

"ஜெயில்ல, என்ன குத்தத்துக்கு வந்தேன்னு கேட்டாய்ங்க. எல்லை தாண்டுனேன்னு சொன்னேன். இங்கிட்டு வந்தப்புறந்தான் தெரிஞ்சிச்சு, எங்கண்ணன் மக என் வீட்டப் பாத்த குத்தமுன்னு!"

பந்தியே சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன். சித்தி மட்டும் இலையை விட்டுத் தலையை நிமிர்த்தாமல் கேட்பார்:

"சிரிங்க, சிரிங்க. படகு வந்துருச்சா?"